இணையம் எட்டாத வகுப்பறைக்கு ஓர் உள்வலைப்பின்னல்: படிப்படியான வழிகாட்டி

பத்து முதல் இருபது கணினிகள் இருந்தும் இணைய இணைப்பே இல்லாத, அல்லது இருந்தும் நம்பிப் பாடம் நடத்த முடியாத அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டில் பல உண்டு. அத்தகைய ஒரு வகுப்பறையில் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, நடுவே ஒரு சர்வரை (மற்றக் கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணினியை) வைத்து, தமிழ் விக்கிப்பீடியாவையும் பாடநூல்களையும் காணொளிகளையும் மாணவர்கள் தங்கள் உலாவியிலேயே திறந்து படிக்கும்படி செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்காகவும் முன்னாள் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் இதைச் செய்யப் புறப்பட்டபோது, கேபிளைச் சொருகினால் போதும் என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொருகிய பிறகு வந்த தொல்லைகள்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பள்ளிக்குள் நுழைந்த பிறகு எதையும் பதிவிறக்க முடியாது. விடுபட்ட ஒரு சிறு மென்பொருளுக்காக ஒரு நாள் வேலை முழுவதும் நின்றுபோகும். ஆகவே கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேற்பட்டவை இணையம் உள்ள உங்கள் வீட்டில் முடிய வேண்டியவை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பதிவிறக்கத்தையும் சர்வர் அமைப்பையும் முடித்து, மே மாத விடுமுறையில் கேபிள் இழுத்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒப்படைப்பது நடைமுறைக்கு ஒத்த கால அட்டவணை. தேர்வுக் காலத்தில் சுவரில் துளையிட எந்தத் தலைமையாசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

1. தாள்களை முதலில் முடியுங்கள்

பொருள் வாங்குவதற்கு முன்பே தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்த அறையில், எத்தனை கணினிகளை, யார் செலவில் இணைக்கப் போகிறீர்கள், சுவரில் எங்கெங்கே துளையிடப்படும், வேலை எத்தனை நாள் நடக்கும், இணைய இணைப்பு எதுவும் தரப்படாது என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன வரி முக்கியமானது. மாணவர்கள் கண்டதையும் பார்ப்பார்களே என்ற அச்சமே பெரும்பாலும் முதல் மறுப்பாக வருகிறது. வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாத அமைப்பு இது என்று எழுத்தில் கண்டவுடன் அந்த அச்சம் அடங்கிவிடுகிறது.

அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றித் தரும்படி கேளுங்கள். நீங்களோ வேறு நன்கொடையாளரோ பொருள் தருவதாக இருந்தால், ஒவ்வொரு பொருளின் பெயர், வரிசை எண், விலை ஆகியவற்றுடன் நன்கொடைக் கடிதம் ஒன்றை இரண்டு படிகளாகக் கொடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையுடன் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பொருள்கள் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறுகின்றனவா என்பதை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பதிவேட்டில் ஏறாத ஸ்விட்ச் (எல்லாக் கணினிகளின் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி) ஒன்று பழுதானால் அதை மாற்றப் பள்ளி நிதியிலிருந்து ஒரு ரூபாயும் செலவிட முடியாது; தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனால் அந்தப் பொருள் யாருடையது என்ற கேள்வியும் எழும்.

எல்லாப் பொருளுக்கும் ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்கினால் 18 விழுக்காடு மிச்சம் என்று கடைக்காரர் சொல்வார். உத்தரவாதம் கேட்டுப் போகும் நாளில் அந்த மிச்சம் காணாமல் போகும்.

பள்ளியில் அரசு அமைத்த உயர் தொழில்நுட்ப ஆய்வகம் ஏற்கெனவே இருந்தால், அதன் கருவிகளோடு உங்கள் கேபிளை இணைக்கவே கூடாது. அதற்குத் தனிப் பொறுப்பாளர்களும் தனிப் பராமரிப்பும் உண்டு. உங்கள் வலைப்பின்னல் வேறு அறையில் தனியாகவே நிற்கட்டும்.

2. அறையை அளந்து படம் வரையுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் அறையின் நீள அகலம், கதவு, சன்னல், மின்செருகிகள், கணினி மேசைகள் எல்லாவற்றையும் குறியுங்கள். ஸ்விட்சும் சர்வரும் இருக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது பூட்டக்கூடியதாகவும், மழைச்சாரல் படாததாகவும், மாணவர் கைக்கு எட்டாததாகவும் இருக்க வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே ஒரு கேபிள் போகும். ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகக் கொண்டுபோக முடியாது.

ஒவ்வொரு கேபிளின் நீளத்தையும் சுவரோரமாகவே அளந்து, அதோடு 3 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒரே அறைக்குள் அந்தச் சிக்கல் வராது. ஆனால் முற்றத்துக்கு அப்பால் உள்ள இன்னொரு கட்டடத்துக்கும் இதே செப்புக் கேபிளை வானத்தில் தொங்கவிட்டு இழுக்கலாமே என்று யாரேனும் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். மின்னல் காலத்தில் அந்த ஒரு கேபிள் இரு பக்கத்துக் கருவிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் கேபிள்தான் போக வேண்டும்.

ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து, மின்செருகிகளில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது துளை இருப்பதாலேயே அதற்குப் பின்னால் கம்பி இருப்பதாக நம்பிவிட வேண்டாம்.

3. வாங்க வேண்டியவையும் ஆகும் செலவும்

கணினிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, 15 கணினிகளுக்கான கணக்கைச் சொல்கிறேன். விலைகள் நான் விசாரித்து வாங்கிய அளவில் தோராயமானவை. ஊருக்கும் மாதத்துக்கும் ஏற்ப மாறும்.

சர்வருக்குப் புதிய கணினி தேவையில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மேசைக் கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் போதும். 8,000 முதல் 12,000 ரூபாய்க்குள் கிடைக்கும். அதில் 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துங்கள், இன்னொரு 4,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினியைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் அது வழக்கமாக ஓடுவது மெமரி கார்டில்; திடீர் மின்வெட்டுகளில் மெமரி கார்டு கெட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது. தவிர, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் பக்கத்து ஊரில் கிடைப்பது அரிது. மேசைக் கணினியைத் திறந்து பார்க்க எந்தச் சிறு நகரத்திலும் ஆள் உண்டு. எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

ஸ்விட்ச், நொடிக்கு 1,000 மெகாபிட் கடத்தும் ஜிகாபிட் வகையாக இருக்கட்டும். கணினிகள் 15, சர்வர் 1, ரவுட்டர் (ஒவ்வொரு கணினிக்கும் வலைப்பின்னல் முகவரி வழங்கும் கருவி) 1 என்று சேர்த்தால் 17 துளைகள் வேண்டும். ஆகவே 16 துளை ஸ்விட்ச் போதாது, 24 துளை வேண்டும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே எண்ணிவிடுங்கள். இதற்கு 6,000 முதல் 9,000 ரூபாய் வரை ஆகும். சாதாரண வீட்டு ரவுட்டர் 1,500 ரூபாய். 600 விஏ யுபிஎஸ் 3,000 ரூபாய். இது சர்வர், ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றுக்கு மட்டுமே. திரையையும் மாணவர் கணினிகளையும் இதில் மாட்டினால் நிமிடங்களில் காலியாகிவிடும். சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் கேசிங், கேபிளின் நுனியில் பொருத்தும் ஆர்ஜே 45 முனைகள், அவற்றை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி, கேபிள் டெஸ்டர் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்.

பெரும் ஏமாற்று நடப்பது கேபிளில். கேட் 6 என்ற வகை வலைக் கேபிள் 305 மீட்டர் கொண்ட பெட்டியாக வருகிறது. ஒரே அளவு, ஒரே நீலம் அல்லது சாம்பல் நிறம், ஆனால் ஒன்று 8,000 ரூபாய், இன்னொன்று 4,000 ரூபாய் என்றால், விலை குறைந்தது முழுச் செம்பு அல்ல. அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சு. கேபிள் முனையை வெட்டி, ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். அலுமினியக் கம்பி வளைத்தால் ஒடியும், முனையில் சரியாகக் கவ்வாது, ஈரம் பட்டால் அரிக்கும்; ஆறு மாதத்தில் எந்தக் கேபிள் போயிற்று என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் இந்தச் சுரண்டல் சோதனையைக் கூச்சப்படாமல் கடையிலேயே செய்யுங்கள். ஓர் அறைக்கு முழுப் பெட்டி தேவைப்படாது. நல்ல கேபிளை மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடைகளும் உண்டு.

மொத்தத்தில் 30,000 முதல் 40,000 ரூபாய் வரை கையில் இருந்தால் தொடங்கலாம்.

4. சர்வரை வீட்டிலேயே முழுமையாகத் தயாரியுங்கள்

சர்வரில் உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் போன்ற ஏதேனும் ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுங்கள். அது இலவசம் என்பதோடு, பென் டிரைவ் வழியாக வரும் வழக்கமான வைரஸ்கள் அதை எளிதில் தொடுவதில்லை. அதில் மூன்று மென்பொருள்கள் வேண்டும்: விக்கிப்பீடியா போன்ற தளங்களின் தொகுப்புக் கோப்புகளைத் திறந்து பரிமாறும் கிவிக்ஸ், பாடங்கள், பயிற்சிகள், மாணவர் கணக்குகள் ஆகியவற்றை நிர்வகிக்கும் கோலிப்ரி, இவற்றுக்கெல்லாம் வாசலாக ஒரு முகப்புப் பக்கத்தைக் காட்டும் என்ஜின்எக்ஸ் போன்ற ஓர் எளிய வலை சர்வர்.

இங்கே சில கண்ணிகள் உள்ளன.

கோலிப்ரி தானாகவே 8080 என்ற போர்ட் எண்ணில் (ஒரே சர்வரில் ஓடும் மென்பொருள்களைப் பிரித்துக்காட்டும் வாசல் எண்) ஓடத் தொடங்கும். இணையத்தில் கிடைக்கும் கிவிக்ஸ் செயல்விளக்கங்கள் பலவும் அதே 8080 எண்ணைக் கொடுக்கச் சொல்கின்றன. இரண்டையும் அப்படியே பின்பற்றினால் இரண்டாவதாகத் தொடங்குவது எழாது. கிவிக்ஸுக்கு 8090 போன்ற வேறு எண்ணைக் கொடுங்கள். 80 என்ற எண்ணை முகப்புப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். அப்போது மாணவர்கள் போர்ட் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது; முகப்பில் உள்ள படங்களை அழுத்தினால் போதும்.

முகப்புப் பக்கத்தில் இணைப்புகளைக் கொடுக்கும்போது 127.0.0.1 என்றோ லோக்கல்ஹோஸ்ட் என்றோ எழுதினால், சர்வரில் சோதிக்கும்போது எல்லாம் அழகாகத் திறக்கும். மாணவர் கணினியில் ஒன்றும் திறக்காது. ஏனென்றால் அந்த முகவரிக்கு ஒவ்வொரு கணினியிலும் அந்தக் கணினியே என்று பொருள். சர்வருக்கு நீங்கள் கொடுக்கப்போகும் நிலையான முகவரியையே (படி 7) எழுதுங்கள்.

மூன்றும் கணினி எழும்போது தாமாகவே தொடங்கும்படி அமைத்திருக்கிறீர்களா என்று மறுதொடக்கம் செய்து பாருங்கள். அதோடு, கணினி எழும்போதே திறக்கக்கூடிய பயோஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் சென்று, மின்சாரம் போய் வந்தால் கணினி தானாக எழ வேண்டும் என்ற தேர்வை இயக்கிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பூட்டிய அலமாரியைத் திறந்து பொத்தானை அழுத்த ஓர் ஆசிரியர் வர வேண்டும். இரண்டாம் வாரத்தில் அவர் வருவதை நிறுத்திவிடுவார்.

கடிகாரத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது யாருக்கும் முன்கூட்டித் தோன்றாத தொல்லை. இணையம் உள்ள கணினி நேரத்தை வெளியிலிருந்து சரிசெய்துகொள்கிறது. இங்கே அந்த வழி இல்லை. பழைய கணினியின் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். எந்த மாணவர் எந்தப் பயிற்சியை எப்போது முடித்தார் என்ற கோலிப்ரியின் பதிவுகள் குழம்பிப்போகும். மேலே சொன்ன பயோஸ் தேர்வும் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். பேட்டரியைச் சில பத்து ரூபாய்க்குள் மாற்றிவிடலாம். சர்வருக்கு மட்டுமல்ல, எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

5. உள்ளடக்கத்தைத் திரட்டுங்கள்

நேரம் மிக அதிகமாகப் போகும் படி இது. கிவிக்ஸ் தளத்தில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒற்றைக் கோப்பாகக் கிடைக்கிறது. முன்னுரைகள் மட்டும் கொண்ட சிறியது, படங்கள் இல்லாதது, படங்களோடு முழுமையானது எனப் பல அளவுகளில் கிடைக்கும்போது முழுமையானதையே எடுங்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சில ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபி அளவில் இருப்பதால், நடுநிலைப் பள்ளிக்கு எளிய ஆங்கில விக்கிப்பீடியாவே மேல். தமிழ் விக்சனரியையும் தமிழ் விக்கிமூலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்தின் இலக்கிய நூல்களைத் தனிக் கோப்புறையில் வைத்து முகப்பில் இணைப்புக் கொடுக்கலாம். அறிவியல், கணிதச் செய்முறைகளுக்கு ஃபெட் உருவகங்கள் (திரையிலேயே செய்து பார்ப்பவை) மிக நல்லவை; சில தமிழிலும் உள்ளன, ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறங்கி இணையம் இல்லாமலே ஓடும். இவற்றில் விக்கி தொகுப்புகள் கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் எத்தனை பள்ளிக்கும் படியெடுத்துத் தரலாம்.

மாநிலப் பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகளை அரசுத் தளத்திலிருந்து வகுப்பு வாரியாக இறக்கி வையுங்கள். ஆனால் அச்சுப் பாடநூல்களில் உள்ள கியூஆர் குறியீடுகள் இணையப் பக்கங்களுக்கே அழைத்துச் செல்வதால் அவை இங்கே வேலை செய்யா. ஆசிரியர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தான். காணொளிகளைப் பொறுத்தவரை, யூடியூபிலிருந்து கண்டபடி இறக்கி வைப்பது அதன் விதிகளுக்கு முரணானது. பதிவிறக்க அனுமதியோடு வெளியிடப்பட்டவற்றையும், கோலிப்ரியின் அலைவரிசைகளில் உள்ளவற்றையும், உங்கள் பள்ளி ஆசிரியர்களே பதிவு செய்தவற்றையும் பயன்படுத்துங்கள். கோப்பு எம்பி4 ஆகவும், உள்ளே எச்.264 முறையிலும் இருக்க வேண்டும். புதிய கைபேசிகள் பதிவு செய்யும் எச்.265 காணொளி பழைய கணினிகளில் கறுப்புத் திரையாகவே நிற்கும்.

பெரிய கோப்புகளை டோரன்ட் வழியாக இறக்கினால், இடையில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கைபேசித் திட்டத்தின் அன்றாட 2 ஜிபியை நம்பி இதைத் தொடங்க வேண்டாம். ஃபைபர் இணைப்பு உள்ள ஒரு நண்பர் வீட்டில் சில இரவுகள் ஓடவிடுங்கள். இறக்கி முடித்ததும், கோப்பின் எஸ்எச்ஏ 256 சரிபார்ப்பு எண்ணை (கோப்பு ஒரு துளி மாறினாலும் மாறிவிடும் எண்) உங்கள் கணினியில் கணக்கிட்டு, தளத்தில் கொடுத்துள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி இறங்கிய கோப்பும் திறந்துகொள்வதுபோலக் காட்டி ஏமாற்றக்கூடும்.

பென் டிரைவில் நகலெடுக்கும்போது, நிறைய இடம் இருந்தும் கோப்பு பெரிது என்ற செய்தி வந்தால் பதற வேண்டாம். 32 ஜிபி வரையிலான பென் டிரைவ்கள் பெரும்பாலும் எஃப்ஏடி32 முறையில் வருகின்றன. அம்முறை 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றியமைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் காலி செய்யுங்கள்.

6. கேபிள் இழுத்தல்

கேசிங்கை மின்கம்பிகள் ஓடும் பாதையிலிருந்து ஓர் அடியாவது தள்ளி ஒட்டுங்கள். ஒரே கேசிங்குக்குள் மின்கம்பியையும் வலைக் கேபிளையும் சேர்த்து விட எலக்ட்ரீஷியன் விரும்புவார், அவருக்கு வேலை மிச்சம். ஆபத்து என்பதால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மூலைகளில் கேபிளை மடக்காமல் வளைவாகத் திருப்புங்கள்.

இரு முனைகளிலும் எண் ஒட்டுங்கள். இந்தச் சின்ன வேலையைத் தள்ளிப்போட்டால் பிறகு ஒவ்வொரு கேபிளாக இழுத்துப் பார்க்க நேரும்.

முனையில் கம்பிகளின் வரிசை, டி568பி முறையில், இதுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முனையின் கொக்கி கீழ்ப்பக்கம் பார்க்க, செப்புப் பற்கள் மேலே இருக்கப் பிடித்து, இடமிருந்து வலமாக. இரு முனைகளிலும் இதே வரிசைதான். இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் எந்த வரிசையானாலும் பரவாயில்லை என்று சில தொழிலாளர்கள் சொல்வார்கள். டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்து அவர் சொல்வதை மெய்ப்பிப்பதுபோலவும் இருக்கும். ஆனால் ஒன்றாக முறுக்கப்பட்ட இணைகள் பிரிந்துவிட்டால் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து, வேகம் 100 மெகாபிட்டுக்கோ அதற்கும் கீழோ விழும். எளிய டெஸ்டருக்கு அது தெரியாது. ஆகவே விளக்கை மட்டும் நம்பாமல், முனையின் கண்ணாடிப் பக்கத்தின் வழியே நிற வரிசையைக் கண்ணாலும் பாருங்கள். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளியுறை முனைக்குள் சென்று கவ்வப்பட வேண்டும்.

கிரிம்பிங் பழக்கமில்லாதவருக்கு முதல் சில முனைகள் வீணாகும், எனவே தேவைக்கு இருமடங்கு முனைகள் வாங்குங்கள். ஆள் வைத்துச் செய்தால் முனைக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். சரிபார்த்த பிறகே பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதினைந்து கணினிகளுக்கு இருவர் சேர்ந்தால் இரண்டு முழு நாள்கள் ஆகும்.

7. முகவரித் திட்டம்

ரவுட்டரின் வெளிவலைத் துளை காலியாகவே இருக்கட்டும். நிறம் வேறாக உள்ள அந்த ஒற்றைத் துளையில் ஸ்விட்சை மாட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. மற்ற துளைகளில் ஒன்றில்தான் மாட்ட வேண்டும். ரவுட்டரின் முகவரியை 192.168.10.1 என்றும், சர்வரின் முகவரியை 192.168.10.2 என்றும், அச்சுப்பொறி இருந்தால் அதை 192.168.10.3 என்றும் நிலைப்படுத்துங்கள். மாணவர் கணினிகளுக்கு 192.168.10.100 முதல் 192.168.10.199 வரை ரவுட்டரே தானாக வழங்கட்டும். எல்லாவற்றுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0.

முகவரி வழங்கும் கருவி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். வைஃபை எட்டவில்லை என்று யாராவது வீட்டிலிருந்து இன்னொரு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகினால், அதுவும் முகவரி வழங்கத் தொடங்கி, சில கணினிகள் ஓடும், சில ஓடா, நாளைக்கு அது மாறும் என்ற நிலை உண்டாகும். இரண்டாவது ரவுட்டரில், முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி என்ற தேர்வை அணைத்துவிட்டே இணைக்க வேண்டும்.

பழுது பார்க்கும்போது ஒரு குறிப்பு உதவும். ஒரு கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அதற்கு ரவுட்டரிடமிருந்து பதிலே வரவில்லை. கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள். முகவரி 192.168.10 என்று சரியாகத் தொடங்கியும் பக்கம் திறக்கவில்லை என்றால் கேபிளில் குறையில்லை, சர்வரைப் பாருங்கள்.

எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் உறைந்து, ஸ்விட்சின் விளக்குகள் அனைத்தும் வெறி பிடித்தாற்போல் சேர்ந்து மின்னினால், ஒரு கேபிளின் இரு முனைகளும் ஸ்விட்சிலேயே செருகப்பட்டிருக்கின்றன என்று பொருள். தொங்கும் முனையைக் கண்டால் காலித் துளையில் செருகிவைக்கும் நல்லெண்ணம் பெரியவர்களுக்கும் உண்டு. விலை குறைந்த ஸ்விட்சுகளுக்கு இந்தச் சுழலைத் தாமாக நிறுத்தத் தெரியாது. அலமாரியைப் பூட்டி வைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

8. மாணவர் கணினிகள்

இவற்றில் உலாவி ஒன்று இருந்தால் போதும். விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகளில் குரோம் 109 அல்லது ஃபயர்ஃபாக்ஸ் 115 வரைதான் ஏறும். அவற்றின் முழு நிறுவல் கோப்புகளை வீட்டிலேயே இறக்கிக் கொண்டுபோங்கள். தளத்தில் முதலில் கிடைக்கும் சிறிய நிறுவல் கோப்பு, ஓடும்போது மீதியை இணையத்தில் தேடும். பள்ளியில் அது பயன்படாது.

மாணவர்கள் 192.168.10.2 என்று தட்டச்சு செய்வதை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு புள்ளி தவறினாலும் உலாவி அதைத் தேடல் சொல்லாக எண்ணி, இணையம் இல்லை என்று சொல்லிவிடும். முகப்புத் திரையில் குறுக்குவழி ஒன்று வைத்து, உலாவியின் தொடக்கப் பக்கமாகவும் அதையே அமையுங்கள். தமிழ் எழுத்துரு சரியாகத் தெரிகிறதா, தமிழ்99 விசைப்பலகை இயங்குகிறதா என்று ஒவ்வொரு கணினியிலும் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து பாருங்கள். தேடல் பெட்டியில் தமிழில் எழுத முடியாவிட்டால் தமிழ் விக்கிப்பீடியா இருந்தும் பயன் குறைவு.

விண்டோஸின் கோப்புப் பகிர்வை நம்பி எதையும் கட்ட வேண்டாம். கடவுச்சொல் இல்லாத பகிர்வைப் புதிய பதிப்புகள் தடுத்துவிடும். ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு விதமாகத் தொல்லை தரும். எல்லாம் உலாவி வழியாகவே போகட்டும்.

கோலிப்ரியில் மாணவர் கணக்குகளை ஒரு பட்டியல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றலாம். பயனர் பெயராக ஆதார் எண்ணையோ கல்வித் துறையின் எமிஸ் எண்ணையோ கொடுக்கக் கூடாது. வகுப்பும் வருகைப் பதிவேட்டு எண்ணும் சேர்ந்த ஒரு குறி போதும்.

9. வைஃபை, வேண்டுமானால் மட்டும்

கேபிள் உள்ள கணினிகள் சரியாக ஓடிய பிறகே இதைத் தொடுங்கள். வீட்டு ரவுட்டர் ஒரு சில கைக்கணினிகளைத் தாங்கும், முழு வகுப்பைத் தாங்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய தடங்களில் அக்கம்பக்கத்தில் குறைவாகப் பயன்படும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு கருவிகள் இணையம் இல்லாத வைஃபையைக் கண்டதும், இணைந்திருந்தாலும், கைபேசித் தரவுக்குத் தாவிவிடும். அப்போது உங்கள் சர்வர் திறக்காது. கைபேசித் தரவை அணைத்துவிட்டு, இணையம் இல்லாவிட்டாலும் இணைந்தே இருக்கட்டும் என்ற தேர்வை அழுத்தச் சொல்லுங்கள்.

10. சோதித்து ஒப்படையுங்கள்

எல்லாக் கணினிகளிலும் ஒரே காணொளியை ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் எடுத்தால் பதினைந்துக்கு 30 மெகாபிட்தான். ஜிகாபிட் ஸ்விட்சுக்கு அது பொருட்டே அல்ல. அப்படியும் தடுமாறினால், சர்வர் கேபிளின் முனையை முதலில் வெட்டி மாற்றிப் போடுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, யுபிஎஸ் தீரும் வரை காத்திருந்து, மீண்டும் போடுங்கள். யார் கையும் படாமல் முகப்புப் பக்கம் திரும்ப வர வேண்டும்.

ரவுட்டர், சர்வர், கோலிப்ரி ஆகியவற்றின் கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையிலிட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்துக் கையொப்பம் பெறுங்கள். தலைமையாசிரியர் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அந்த உறையும் இடம்பெறட்டும். ஒருவருக்கு அல்ல, இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். இயக்குவது, நிறுத்துவது, மேலே சொன்ன முகவரிக் குறிப்பைப் பார்ப்பது ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

சர்வர் வட்டின் முழு நகலை இன்னொரு வட்டில் எடுத்து, அதைப் பள்ளியில் வைக்காமல் உங்கள் வீட்டில் வையுங்கள். அடுத்த கோடை விடுமுறையில் விக்கிப்பீடியாவின் புதிய பதிப்பையும் மாறிய பாடநூல்களையும் அந்த வட்டிலேயே ஏற்றி, வீட்டில் சோதித்த பிறகு, பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பழைய வட்டோடு மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன் கோலிப்ரியில் உள்ள மாணவர் பதிவுகளைப் பழைய வட்டிலிருந்து நகலெடுத்துக்கொள்ளுங்கள்.